சென்றிக் கொட்டிலும் 365ஆம் பிரிவும்

2023ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு சட்டமூலத்துக்கு எதிராக மூன்று பேர் மனுப் போட்டார்கள். பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அது. வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்த மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் அதுல டி சில்வா. பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான மூவர் குழாம் வழக்கைக் கேட்டது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற அதன் முடிவை மே 9ஆம் திகதி சபாநாயகர் சபையில் அறிவித்தார். சாதாரண பெரும்பான்மை போதும், கையை உயர்த்தினால் காரியம் முடிந்தது. ஒருவரும் உயர்த்தவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் அதோடு போயிற்று.

தன்பாலீர்ப்பாளர்கள் மறைக்காமல், பொய் சொல்லாமல் படையில் வேலை செய்யலாமா என்ற கேள்வி இலங்கை அரசியல் மேடையில் நேராக ஏறியதில்லை. அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் தேர்தல் தோறும் அடிபட்ட விடயம் இங்கே ஒரு பிரிகேடியரின் மனுவில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவர் உயிரோடு இருப்பதையே சட்டம் குற்றமாக வைத்திருக்கும்போது அவர் சீருடை போடலாமா என்று யார் கேட்பது?

தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 365ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உடலுறவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. 365அ 'பாரதூரமான இழிசெயல்' என்று இன்னொன்றைச் சொல்லி இரண்டு ஆண்டு வரை போடுகிறது. விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1995இல் நமது பாராளுமன்றமே இதைத் திருத்தியது. அதுவரை 365அ ஆண்களை மட்டும் பிடித்தது. 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போட்டதில் பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். சமத்துவம் என்றால் இதுதான் போலும்! பெண்களைக் குற்றவாளியாக்கும் அந்தத் திருத்தம் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கைக்கு விரோதமானது என்று ஐ.நா. குழு 2022இல், ரொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில் முடிவு சொன்னது. அதற்கு முன்பே 2016இல் நமது உயர் நீதிமன்றம், மனமொத்த இரண்டு ஆண்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், குற்றத்தீர்ப்பை வைத்துக்கொண்டு சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. சட்டம் பிழை என்று தெரிகிறது, ஆனாலும் கைவைக்க மனமில்லை என்ற நிலை.

கைவைக்க மனமில்லாதது நீதிபதிகளுக்கு மட்டுமல்ல. 2018 நவம்பரில், அரசியல் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கூட்டமொன்றில் எதிரணியினரை 'வண்ணத்துப்பூச்சிகள்' என்று ஏளனம் செய்தார். சிங்களத்தில் அது தன்பாலீர்ப்பாளருக்கான வசை. கூட்டம் சிரித்தது. பேசியவர் முப்படைகளின் தளபதி என்பதை அந்தச் சிரிப்பில் பலர் கவனிக்கவில்லை. பிரதம தளபதியே மேடையில் இப்படிப் பேசும் படையில் எந்தச் சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்வான்?

இனி அல்லைப்பிட்டிக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகும்போது மண்டைதீவுச் சந்தி தாண்டி வரும் ஊர். மணலும் பனையும் கடலும்தான். பதினொராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் இந்த மணலுக்குள் கிடந்து எடுக்கப்பட்டன என்பதை வெளியூரார் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளூரார் நினைவில் முதலில் வருவது அதுவல்ல. 2006 மே 13 இரவு இங்கேயும் அண்டிய இடங்களிலுமாக 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சிறுபிள்ளைகளும் அதில் அடக்கம். கடற்படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தண்டனை பெற்றவர் எவருமில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஷெல்லடிக்குப் பயந்து மக்கள் புனித பிலிப்பு நேரி தேவாலயத்துக்குள் ஒதுங்கினார்கள். தேவாலயத்தின்மீதே ஷெல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார் ஓகஸ்ட் 20ஆம் திகதி கடற்படைச் சாவடிப் பக்கம் கடைசியாகக் காணப்பட்டவர், இன்றுவரை இல்லை.

இப்படியான ஊரில் நின்று "நேவியில் தன்பாலீர்ப்பாளர்களைச் சேர்க்கலாமா" என்று கேட்டால், "நேவி முதலில் காணியை விட்டுப் போகட்டும்" என்பதுதான் பதிலாக வரும். நியாயமான பதில். மண்டைதீவில் கடற்படை முகாமுக்குக் காணி அளக்க நில அளவையாளர் வந்தபோது சனம் வீதியில் இருந்து மறித்தது. அவர்களுக்கு உள்ளே இருக்கும் சிப்பாய் யாரை விரும்புகிறான் என்பது ஒரு பொருட்டே அல்ல. என்றாலும் இந்தக் கேள்வியில் தீவகத்துச் சனத்துக்குச் சம்பந்தம் உண்டு. இரண்டு வகையில் உண்டு.

முதலாவது, 'கட்டுக்கோப்பு' என்ற வாதம். உலகம் முழுவதும் தன்பாலீர்ப்பாளரைப் படையிலிருந்து தள்ளிவைக்கச் சொல்லப்பட்ட காரணம் அதுதான். ஒரே கொட்டிலில் படுத்து, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒருவர் உயிரை ஒருவர் காக்கவேண்டிய இடத்தில் 'வித்தியாசமானவர்' வந்தால் மற்றவர்களுக்கு மனச்சங்கடம், படை குலைந்துவிடும் என்றார்கள். இந்தப் பல்லவி நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தரைப்படையின் முதல் இலங்கைத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு, 1955இல் பொறுப்பேற்ற தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர், அவரும் தமிழர். அவர்கள் காலத்தில் படை குலையவில்லை. பிறகு நம்பமுடியாதவர்கள், ஒட்டாதவர்கள் என்ற பேச்சில் தமிழர் சேர்க்கை வற்றிப்போய், படை ஏறக்குறைய ஒரே இனத்தின் படையாயிற்று. அப்படி ஒட்டியிருந்த படை இந்தத் தீவுகளில் என்ன செய்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2012இல் வன்னியிலிருந்து தமிழ்ப் பெண்கள் நூறு பேருக்கு மேல் படையில் சேர்க்கப்பட்டதை அரசாங்கம் படம்பிடித்துக் காட்டியது. அரை நூற்றாண்டாகப் பூட்டிய கதவை ஒரு அணிவகுப்பில் திறந்துவிட முடியாது.

இந்த ஒப்புமை என் கற்பனை அல்ல, ஒரு தீர்ப்பிலேயே இருக்கிறது. பிரித்தானியப் படைகள் 2000 ஜனவரி வரை தன்பாலீர்ப்பாளரை முற்றாகத் தடைசெய்திருந்தன. அந்தத் தடையை உடைத்தவர்கள் நான்கு பேர். ஜெனெட் ஸ்மித் விமானப்படைத் தாதி, கிரேம் கிரேடி விமானப்படைச் சார்ஜன்ட், டங்கன் லஸ்டிக்-பிரீன் கடற்படை அதிகாரி, ஜோன் பெக்கெற் கடற்படை மாலுமி. வேலையில் ஒரு குறையும் இல்லாதவர்கள். ஸ்மித்தைப் பற்றி யாரோ ஒரு பெண் பெயர் சொல்லாமல் படைக்குத் தொலைபேசியில் தகவல் கொடுத்தாள், அதோடு விசாரணை. யாரோடு, எப்போது, எப்படி என்று கேட்டுப் போனார்கள். அவரும் துணைவியும் எடுத்து வளர்த்த பதினாறு வயதுப் பிள்ளையோடும் உறவு இருந்ததா என்றுகூடக் கேட்டார்கள். படையின் ஒழுக்கத்தைக் காக்க வந்தவர்கள் கேட்ட கேள்வி இது! 1999 செப்டெம்பர் 27இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நால்வருக்கும் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. 'மற்றச் சிப்பாய்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற கருத்துக்கணிப்பை அரசாங்கம் முன்வைத்திருந்தது. வேறு இனத்தவர், வேறு நிறத்தவர்மீதான வெறுப்பு எப்படி ஒரு நியாயம் ஆகாதோ, அதே மாதிரி இந்த வெறுப்பும் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. மூன்றரை மாதத்தில் தடை போயிற்று. படை அப்படியே இருந்தது. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனாக் பழைய தடைக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் 75 மில்லியன் பவுண் இழப்பீடு ஒதுக்கினார்கள்.

அமெரிக்கக் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது. 1993இல் கிளின்டன் காலத்தில் 'கேளாதே, சொல்லாதே' என்று ஒரு இடைவழி கண்டுபிடித்தார்கள். மேலதிகாரி கேட்கக்கூடாது, சிப்பாய் சொல்லக்கூடாது. கேட்க நல்லாய் இருக்கிறது, நடந்தது வேறு. அந்தச் சட்டத்தின்கீழ் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். ஈராக் போர் நடக்கும்போதே அரபு மொழிபெயர்ப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பிவைத்த கூத்தும் நடந்தது. 2010இல் பென்டகன் தன் படையினரிடமே கேட்டுப் பார்த்தது. தடையை எடுத்தால் நன்மை, அல்லது நன்மை தீமை இரண்டும், அல்லது ஒரு மாற்றமும் இல்லை என்றவர்கள் எழுபது வீதம். 2011 செப்டெம்பர் 20இல் சட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் மாறுபாலினத்தவர் விடயத்தில் 2017இலும் 2025இலும் கதவு திரும்பவும் அடைபட்டது. ஒரு ஜனாதிபதி தருவதை அடுத்தவர் பறிக்கலாம் என்பது அதில் நாம் பார்க்கவேண்டிய பாடம். நெதர்லாந்து 1974இலேயே தடையை நீக்கியது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் 1992இல். கனடா 2017இல் மன்னிப்பும் கேட்டு, 145 மில்லியன் டொலர் வரையான உடன்பாட்டுக்கும் வந்தது. தென்கொரியா இன்னும் இராணுவக் குற்றச்சட்டத்தில் தனிப்பிரிவு வைத்திருக்கிறது. 2023இல் அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நியாயம் என்றது.

நமக்குக் கிட்டின உதாரணம் இந்தியா. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. நான்கு மாதம் கழித்து, 2019 ஜனவரியில், தரைப்படைத் தளபதி பிபின் ராவத் ஆண்டுப் பத்திரிகையாளர் சந்திப்பில் இது படைக்குள் நடக்காது, படை பழமையில் ஊறியது என்று சொன்னார். நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன பிறகும் அப்படிச் சொல்ல அவருக்குச் சட்டத்தில் இடமிருந்தது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை பாராளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தில் 'தகாத நடத்தை'க்கு 45ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான இழிசெயல்'களுக்கு 46ஆம் பிரிவு. 377 செத்தாலும் இவை உயிரோடு இருக்கின்றன. மேஜர் ஜே. சுரேஷ் என்ற முன்னாள் அதிகாரி படையை விட்டுவந்து பத்தாண்டு கழித்து, 2020இல், தான் யாரென்று வெளியில் எழுதினார். அவர் கதையைத் தழுவிப் படமெடுக்க இயக்குநர் ஓனிர் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதி கேட்டார். 2022இல் மறுத்துவிட்டார்கள். கஷ்மீரில் ஒரு படை அதிகாரியும் உள்ளூர் இளைஞனும் காதலிப்பதாகக் காட்டுவது படைக்கு இழுக்கு என்று அமைச்சர் பாராளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார். கஷ்மீரில் படைமீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் எத்தனை. இழுக்கு என்று தோன்றியது ஒரு காதல் கதை.

இதே இந்தியாவில்தான் தமிழ்நாட்டின் மாறுபாலினப் பெண் பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றப் படியேறி, 2015இல் தீர்ப்புப் பெற்று, 2017இல் பொலிஸ் உப பரிசோதகராகப் பொறுப்பேற்றார். அதே 2017இல் விசாகப்பட்டினத்தில் வேலைசெய்த ஒரு கடற்படை மாலுமி, பாலின மாற்றச் சத்திரசிகிச்சை செய்ததற்காக நீக்கப்பட்டார். காக்கிக்கு ஒரு நியாயம், வெள்ளைச் சீருடைக்கு வேறு நியாயம்.

இலங்கைக்கு இதில் உள்ள எச்சரிக்கை வெளிப்படையானது. நமது அரசியலமைப்பின் 15(8) உறுப்புரை, படையினரின் சமத்துவ உரிமையையும் பேச்சுரிமையையும் 'கட்டொழுங்கு' என்ற பெயரில் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. 16ஆம் உறுப்புரை, 1978க்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. இராணுவச் சட்டம் 1949ஆம் ஆண்டுடையது. பிரித்தானிய இராணுவச் சட்டத்தின் வார்ப்பில் ஊற்றியது. வார்ப்பைச் செய்தவன் அதை உடைத்து இருபத்தைந்து ஆண்டாகிறது, நாம் ஊற்றினதை வைத்திருக்கிறோம். ஆகவே 365ஐ எடுத்தால் மட்டும் படைக் கொட்டிலுக்குள் ஒன்றும் மாறாது.

இரண்டாவது விடயத்தை எழுதக் கை தயங்குகிறது, எழுதாமலும் விடமுடியாது. மனமொத்த உறவைக் குற்றம் என்று சொல்லும் சட்டம், மனமொவ்வாத வன்முறையை மறைக்கப் பயன்படுகிறது. 2013இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில், இலங்கைப் பாதுகாப்புப் படையினரின் தடுப்பில் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக 75 பேர் சொன்ன விபரங்கள் உள்ளன. அதில் 31 பேர் ஆண்கள், மூவர் சிறுவர். நமது சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு வன்புணர்வு என்பதைப் பெண்ணுக்கு நடப்பதாக மட்டுமே வரையறுக்கிறது. ஆணுக்கு நடந்தால் அது 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்ற வேறு பிரிவு. முறைப்பாடு கொடுக்கப் போகிறவனுக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே 365 நிற்கிறது. தனக்கு நடந்ததைச் சொன்னால் தானே குற்றவாளி ஆகிவிடுவேனோ, ஊரில் 'அவன்' என்று பேர் எடுத்துவிடுவேனோ என்ற பயம் அவன் வாயை அடைக்கிறது. சித்திரவதை செய்தவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

வெளிநாட்டிலும் இதே படைதான். ஐ.நா. அமைதிப் படையில் ஹெயிட்டிக்குப் போன இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டோர், பிள்ளைகளைப் பாலியல் ரீதியில் சுரண்டியதாக 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2004க்கும் 2007க்கும் இடையில் குறைந்தது 134 பேர், ஒன்பது பிள்ளைகள். ஆண் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் 2017இல் எழுதியது. தன்பால் உறவைக் குற்றமாக வைத்திருப்பது பிள்ளைகளைக் காக்க என்று மனுப் போட்டவர்கள் இந்த ஒரு விடயத்துக்காவது மனுப் போட்டிருக்கலாம்.

விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பதின்ம வயதில் இயக்கத்துக்குப் போய், விலகி, பாரிஸில் இருந்து 'கொரில்லா' எழுதியவர். சொந்தப் பெடியளைச் சொந்த இயக்கம் எப்படி நடத்தியது என்று எழுத்தில் பேச அந்த நாவலுக்குப் பின் நமக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. காதலுக்கும் கலியாணத்துக்கும் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டிய அமைப்பில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விரும்புவதற்கு இடமே இருக்கவில்லை. எதிரியின் படையைப் பற்றிப் பேசும்போது நம்முடையதை மறைக்கக்கூடாது. ஒழுக்கம் என்ற பேரில் சீருடைக்குள் மனிதரைப் பூட்டும் பழக்கம் இரு பக்கத்துக்கும் பொது.

இந்த விவாதத்தில் எனக்கு மரியாதை உள்ள ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அது மதவாதிகளுடையது அல்ல, இடதுசாரித் தோழர்களுடையது. ஆக்கிரமிக்கும் படைக்கு வானவில் பூசி என்ன பயன் என்று கேட்கிறார்கள். இஸ்ரேல் 1993 முதல் தன்பாலீர்ப்பாளரைப் படையில் வெளிப்படையாக ஏற்கிறது. 2023 நவம்பரில் காசாவின் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சிப்பாய் வானவில் கொடி பிடித்து நின்ற படம் உலகம் சுற்றியது. அந்தக் கொடி அங்கே ஒரு பிள்ளையின் உயிரையும் காக்கவில்லை. நாளைக்கு மண்டைதீவுச் சந்தியிலும் ஒரு வானவில் பட்டி கட்டிய சிப்பாய் நின்று அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பிடித்த காணி பிடித்தபடி இருக்கலாம். இதை மறுக்கமாட்டேன். ஆனால் அதிலிருந்து 'ஆகவே தடை இருக்கட்டும்' என்ற முடிவு வராது. உரிமையை உரிமை என்று கேட்கலாம், படைக்கு நற்சான்று கொடுக்காமலே கேட்கலாம். சிப்பாய்க்கும் அவன் பிடித்து வைத்திருப்பவனுக்கும் நடுவில் ஒரே சட்டம் நிற்கிறது. அது போனால் முன்னவன் மிரட்டலுக்குப் பயப்படத் தேவையில்லை, பின்னவன் முறைப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. எனக்குப் பின்னவன்தான் முக்கியம். முன்னவனையும் விட்டுவிட மனமில்லை.

தரைப்படையின் ஆட்தொகையை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசாங்கம் 2023இல் அறிவித்தது. படைச்சட்டங்களைத் திருத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. யாழ் தேர்தல் மாவட்டத்திலிருந்து ஆறு பேர் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். இது கொழும்பாரின் பிரச்சினை, நமக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவர்கள் எழுந்துபோகக் கூடாது. 365ஐயும் 365அவையும் எடுக்கும் சட்டமூலம் அடுத்தமுறை வரும்போது ஆதரித்துக் கை உயர்த்துங்கள். வன்புணர்வுக்கு உள்ளான ஆணையும் 363க்குள் சேர்க்கச் சொல்லுங்கள். இராணுவச் சட்டம், கடற்படைச் சட்டம், விமானப்படைச் சட்டம் மூன்றையும் அதே நாளில் திருத்தக் கேளுங்கள். கேட்டதை ஹன்சாட்டில் பதிய வையுங்கள்.